மரபணுவின் கணக்கில் எழுதியது

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்குத் தெற்கே கீலா என்றொரு ஆறு ஓடியது. அதன் கரையில் வாழ்ந்தவர்கள் தங்களை ஆற்று மக்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். வெளியார் வைத்த பெயர் பீமா. பாலைவனத்தின் நடுவில் வாய்க்கால் வெட்டி மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விளைவித்தார்கள். பிறகு கோதுமையும் போட்டார்கள். 1849-இல் தங்கம் தேடி கலிபோர்னியாவுக்குப் போன கூட்டம், வழியில் பீமாக்களிடம் கோதுமை வாங்கித் தின்றுதான் அந்தப் பாலையைக் கடந்தது. அடுத்த ஒரு தலைமுறைக்குள் கதை மாறியது. ஆற்றின் மேற்பகுதியில் குடியேறிய வெள்ளை விவசாயிகள் 1870-களிலிருந்து தண்ணீரைத் தங்கள் வயல்களுக்குத் திருப்பிக்கொண்டார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் பீமாக்களின் வாய்க்கால்களில் புழுதி பறந்தது. பட்டினி வந்தது. பட்டினியைப் பார்த்து அரசாங்கம் மனமிரங்கி வெள்ளை மாவும் பன்றிக் கொழுப்பும் சர்க்கரையும் அனுப்பியது.

1963-இல் அங்கே மருத்துவக் குழு ஒன்று போனது. போனது மூட்டுவாதத்தைக் கணக்கெடுக்க. கண்டது சர்க்கரை நோய். அதுவரை உலகில் எந்த மக்களிடமும் பதிவாகாத அளவு. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அந்த நோய் இருந்தது. 1965-இல் தொடங்கிய நீண்ட ஆய்வு நாற்பதாண்டுகளுக்கு மேல் நடந்தது. இரண்டு ஆண்டுக்கொருமுறை பீமாக்கள் வந்து குளுக்கோஸ் குடித்தார்கள், இரத்தம் கொடுத்தார்கள். டைப் 2 சர்க்கரை நோயைப் பற்றி மருத்துவ உலகம் இன்று அறிந்திருப்பதில் கணிசமான பகுதி அவர்கள் கொடுத்த இரத்தத்திலிருந்து வந்தது.

மருத்துவக் குழு போவதற்கு முந்தைய ஆண்டுதான், 1962-இல், ஜேம்ஸ் நீல் என்ற மரபியலாளர் ஒரு கருத்தை வெளியிட்டிருந்தார். வேட்டையாடித் திரிந்த காலத்தில், கிடைத்ததைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கத் தெரிந்த உடம்பே பஞ்சத்தைத் தாண்டியிருக்கும். அந்தச் 'சிக்கன மரபணு' இன்று சோறு நிறைந்த காலத்தில் நோயாகிவிட்டது என்பது சாரம். அவருடைய தலைப்பின் கடைசியில் ஒரு கேள்விக்குறி இருந்தது. பின்வந்தவர்கள் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. பீமாக்கள் அந்தக் கருத்தின் நடமாடும் சாட்சிகள் ஆனார்கள். மரபணுவைத் தேடும் வேலை பல பத்தாண்டுகள் நடந்தது. ஆறு எங்கே போனது என்று கேட்பதைவிட மரபணு எங்கே இருக்கிறது என்று கேட்பது ஆய்வுக்கு ஏற்ற கேள்வி. முதல் கேள்விக்கு எல்லோருக்கும் விடை தெரியும்.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. சர்க்கரை நோயோடு தொடர்புள்ள நூற்றுக்கணக்கான இடங்கள் மனித மரபணுத் தொகுதியில் இன்று அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. நீல் கற்பனை செய்த அந்த ஒற்றைச் சூத்திரதாரிதான் அகப்படவில்லை. இதற்கிடையில், எல்லையைத் தாண்டி மெக்சிகோ மலைப்பகுதியில், மரபால் நெருங்கிய இன்னொரு பீமா மக்கள் கூட்டம் வயலில் உழைத்து வாழ்ந்துகொண்டிருந்தது. 2006-இல் வெளியான ஒப்பீட்டின்படி அவர்களில் சர்க்கரை நோய் 6.9 விழுக்காடு, அரிசோனா பீமாக்களில் 38. மரபணு ஏறத்தாழ ஒன்று. மற்ற எல்லாம் வேறு.

ஆனால் அரிசோனாவிலிருந்து வந்த ஆய்வுகளில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது இந்த ஒப்பீடு அல்ல. உடன்பிறந்தவர்களைப் பற்றிய ஒன்று, 2000-ஆம் ஆண்டில் வெளியானது. ஒரே தாய், ஒரே தகப்பன். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வருவதற்கு முன் ஒரு பிள்ளை பிறந்தது. வந்த பிறகு இன்னொன்று. மரபணுச் சீட்டு இருவருக்கும் ஒரே கட்டிலிருந்துதான் குலுக்கிப் போடப்பட்டது. வீடும் சாப்பாடும் பெரும்பாலும் ஒன்றுதான். பின்னால் பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, முன்னால் பிறந்ததைவிட மூன்றரை மடங்குக்கும் மேல். அப்பாவுக்கு நோய் வருவதற்கு முன்னும் பின்னும் பிறந்த பிள்ளைகளிடையே இப்படி வேறுபாடு இல்லை. மரபணு மட்டுமே காரணம் என்றால் அம்மாவுக்கு ஒரு விதி, அப்பாவுக்கு ஒரு விதி என்று இருக்க முடியாது. வேறுபட்டது ஒன்பது மாதம் மட்டும்.

அந்த ஒன்பது மாதத்தில் நடப்பதை டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950-களிலேயே விளக்கியிருந்தார். தாயின் இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. சர்க்கரை மிகுந்து வந்தால் அதைச் சமாளிக்கக் கருவின் கணையமே இன்சுலினைக் கூட்டிச் சுரக்க வேண்டும். கருவுக்கு இன்சுலின் வெறும் சர்க்கரைக் காவலர் அல்ல, வளர்ச்சிக்கான ஹார்மோனும் அதுதான். குழந்தை கொழுத்துப் பிறக்கும். எல்லோரும் மகிழ்ந்து தூக்குவார்கள். பீமாக்களிடம், கர்ப்பத்தின்போதே சர்க்கரை நோய் இருந்த தாய்மாரின் பிள்ளைகளில் 45 விழுக்காட்டினருக்கு இருபதிலிருந்து இருபத்துநான்கு வயதுக்குள் அதே நோய் வந்திருந்தது. அந்த வயது பெண்களுக்குப் பிள்ளை பெறும் வயது. அப்படி நோய் வந்த மகளின் வயிற்றில் இருக்கும் அடுத்த குழந்தையும் சர்க்கரை மிகுந்த இரத்தத்தில் வளரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும் குலச்சொத்தாகத்தான் தெரியும். மரபணு என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம்.

சர்க்கரை மிகுந்த கருப்பை ஒரு பக்கம். வெறுமையான கருப்பை மறுபக்கம். இரண்டும் ஒரே நோயில் கொண்டுபோய் விடுகின்றன என்பதுதான் விசித்திரம். பீமாக்களிலேயே இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்தவர்களுக்கும் நாலரைக் கிலோவுக்கு மேலே பிறந்தவர்களுக்கும் நோய் அதிகமாக இருந்தது. நடுவில் பிறந்தவர்களிடம் குறைவு.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911 முதல் எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற தலைமைச் செவிலியர், பிறக்கும் குழந்தைகளையெல்லாம் எடைபோட்டுப் பேரேட்டில் எழுத வைத்தார். ஒரு வயதில் மறுபடியும் எடை. எண்பதாண்டு கழித்து டேவிட் பார்க்கரும் நிக் ஹேல்ஸும் அந்தப் பேரேடுகளைப் பிரித்து, அதில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். எடை குறைந்து பிறந்த ஆண்களுக்கு அறுபதுகளில் சர்க்கரைக் கோளாறு அதிகம். 1992-இல் அவர்கள் முன்வைத்த விளக்கத்திலும் சிக்கனம் வந்தது; ஆனால் மரபணுவின் சிக்கனம் அல்ல. ஊட்டம் குறைந்தால் கரு மூளையைக் காப்பாற்றிக்கொண்டு கணையத்திலும் தசையிலும் சிறுநீரகத்திலும் செலவைக் குறைக்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் முப்பத்தாறு வாரத்துக்குப் பிறகு புதிதாக உருவாவதில்லை. குறைந்தது குறைந்ததுதான்.

நெதர்லாந்தின் பசிக் குளிர்காலம் எல்லோருக்கும் தெரிந்த கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 1944 செப்டம்பரில் ரயில்வே வேலைநிறுத்தம். பதிலடியாக ஜெர்மன் படை உணவுப் போக்குவரத்தைத் தடுத்தது. ஆம்ஸ்டர்டாமில் நாளொன்றுக்கு ஆளுக்குக் கிடைத்த ரேஷன் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை 400-இலிருந்து 800 கலோரிக்குள். மக்கள் துலிப் கிழங்குகளைத் தின்றார்கள். இருபதாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். மே மாதம் விடுதலை வந்தது, சோறும் வந்தது. அந்தக் குளிரில் கருவில் இருந்தவர்கள் ஐம்பது வயதை எட்டியபோது அவர்களின் உடம்பு சர்க்கரையைக் கையாளத் தடுமாறியது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் மட்டும் பசியைக் கண்டு, பிற்பாதியில் சோறு கிடைத்த குழந்தைகள் சரியான எடையோடுதான் பிறந்தார்கள். நடுவயதில் அவர்களிடமும் உடல்பருமனும் இதயநோயும் மிகுந்திருந்தன. அறுபதாண்டுக்குப் பிறகும், வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவின் மேல் இருக்க வேண்டிய மெத்தில் குறிகள், உடன்பிறந்தவர்களைவிட அவர்களுக்குக் குறைவாக இருந்தன. எழுத்து மாறவில்லை; எழுத்தின்மேல் இட்ட குறி மாறியிருந்தது.

லெனின்கிராடு இந்தக் கதைக்கு ஒத்துவரவில்லை. அதே போரில் ஜெர்மன் படை அந்த நகரை முற்றுகையிட்டபோது கருவில் இருந்தவர்களைப் பரிசோதித்து 1997-இல் வெளியான ஆய்வில், மற்றவர்களைவிடச் சர்க்கரைக் கோளாறு அவர்களிடம் அதிகம் இல்லை. ஒரு விளக்கம் உண்டு: டச்சுக் குழந்தைகளுக்குப் பசிக்குப் பின் பால் ஆறு ஓடியது, லெனின்கிராடுக் குழந்தைகளுக்குப் பசிக்குப் பின்னும் பற்றாக்குறைதான். பற்றாக்குறைக்குத் தயாரான உடம்புக்குப் பற்றாக்குறையே கிடைத்தது, உடம்பு சமாளித்தது. இது உண்மையானால் கெடுப்பது பசி மட்டும் அல்ல, பசிக்குப் பின் வரும் நல்ல காலமும்தான். முன்னேறும் நாடுகள் கேட்க விரும்பும் செய்தி அல்ல இது. ஆனால் 2024-இல் வெளியான உக்ரைன் ஆய்வு வேறு பக்கம் இழுத்தது: 1932-33 பஞ்சத்தின் உச்சத்தில் கருவான, கடுமையாகப் பாதித்த பகுதிகளைச் சேர்ந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல், அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு அங்கே பால் ஆறு ஓடியதாக யாரும் சொல்ல மாட்டார்கள். அதே ஆண்டு பிரிட்டனிலிருந்து இன்னொன்று: போர்க்காலச் சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில் முடிந்தது. அதற்கு முன் கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் ரேஷன் சர்க்கரையோடு இருந்தவர்களுக்கு, பின்னாளில் சர்க்கரை நோய் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. நல்ல எண்ணத்தோடு கொடுத்ததைவிடக் கொடுக்க முடியாமல் போனது நன்மை செய்த சந்தர்ப்பம்.

இந்த ஊர்களுக்கெல்லாம் பொதுவாக ஒன்று இருந்தது. யாரோ எழுதி வைத்திருந்தார்கள். ஆம்ஸ்டர்டாம் மருத்துவமனை பட்டினியின் நடுவிலும் ஒவ்வொரு பிறப்பையும் எடையோடு பதிந்தது. நம்மிடம் தாது வருஷப் பஞ்சம் உண்டு, 1876-லிருந்து 78 வரை. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரணாவும். பெண்ணுக்கு அதிலும் சற்றுக் குறைவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உயிர் பிடித்து நிற்கவே போதாது என்று வாதாடினார். தானியத்தை ராத்தல் கணக்கில் எழுதினார்கள். கர்ப்பிணிகளை யாரும் எழுதவில்லை. அதனால் அந்தப் பஞ்சம் நம் உடம்பில் என்ன விட்டுச் சென்றது என்பதைப் பற்றி ஆய்வு எதுவும் செய்ய முடியாது. பஞ்சங்களால்தான் இந்தியர்களுக்கு இவ்வளவு சுகர் என்று இப்போது சமூக வலைத்தளத்தில் உறுதியாகச் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் எடை போடாத பசிக்கு நிரூபணம் கிடையாது.

நாம் எடைபோட்ட இடங்களில் ஒன்று புனே. கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக் 1993-இல் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில், திருமணமான பெண்களைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே பின்தொடர ஆரம்பித்தார். ஏறத்தாழ நாற்பத்திரண்டு கிலோ எடையுள்ள பெண்கள். பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஒப்பிட எடுத்துக்கொண்ட இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5. இதில் வியப்பு இல்லை. வியப்பு எங்கே என்றால், புனேக் குழந்தைகளின் தசையும் வயிற்று உறுப்புகளும் சுருங்கியிருந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பு சுருங்கவில்லை. கையில் எடுத்தால் எலும்பும் தோலுமாக இருக்கும் குழந்தை, உள்ளே கொழுப்புள்ள குழந்தை. யாக்னிக் தன்னையும் விட்டுவைக்கவில்லை. லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் அவரும் அருகருகே நிற்கும் படத்தை 2004-இல் லான்செட் வெளியிட்டது. இருவருக்கும் உயர-எடைக் குறியீடு 22.3. உடம்பில் கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2. ஒல்லியாக இருப்பதால் நமக்கு ஒன்றும் வராது என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு இந்தியருக்கும் அந்தப் படம் பொருந்தும்.

அந்தக் கிராமத்துத் தாய்மார்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு வைட்டமின் பி12 குறைவு. அது மாமிசத்திலும் பாலிலும் முட்டையிலும் வருவது, இலைதழைகளில் இல்லை. அதே பெண்களுக்கு ஃபோலேட் குறையில்லை. அரசின் மாத்திரையும் சேர்ந்தது. தாய்க்கு ஃபோலேட் மிகுந்தும் பி12 குறைந்தும் இருந்த குழந்தைகளிடம்தான், ஆறு வயதில் இன்சுலினுக்கு உடம்பு பணியாத நிலை மிக அதிகமாகத் தென்பட்டது. ஃபோலிக் அமில மாத்திரை தவறில்லை. தண்டுவடக் குறைபாடுகளை அது தடுக்கிறது. அதோடு சேர வேண்டியது சேரவில்லை. இன்னொன்றும் அந்த ஆய்வில் வந்தது: கர்ப்பகாலத்தில் வயல்வேலையும் தண்ணீர் சுமப்பதுமாக உடல் உழைப்பு மிகுந்த பெண்களின் குழந்தைகள் சிறுத்துப் பிறந்தன. பச்சைக் கீரையும் பாலும் பழமும் தின்றவர்களின் குழந்தைகள் சற்றுப் பெருத்துப் பிறந்தன. இதைக் கண்டுபிடிக்க ஆய்வு வேண்டுமா என்று பாட்டிகள் கேட்கலாம். கேட்கும் பாட்டிகளே, குழந்தை பெருத்தால் பிரசவம் சிரமம் என்று மருமகளின் தட்டில் கொஞ்சம் குறைத்து வைத்தவர்களாகவும் இருக்கலாம்.

மரபணுவின் தரப்பில் ஒரு வாதம் பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. இங்கிலாந்தின் எக்ஸிடரில் ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லி ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ள குடும்பங்களை ஆராய்ந்தார். குளுக்கோஸை உணரும் நொதி அதில் மந்தம். அந்த மாற்றத்தைக் குழந்தை மட்டும் பெற்றால் இன்சுலின் குறைந்து எடை ஏறத்தாழ அரைக் கிலோ குறைகிறது. தாய்க்கு மட்டும் இருந்தால் குழந்தை அதே அளவு, சற்றுக் கூடவே, பெருக்கிறது. இருவருக்கும் இருந்தால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு சரியான எடையில் பிறக்கிறது. எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு பின்னாளில் சர்க்கரை வந்தால் தாயின் தட்டுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எடையைக் குறைத்ததும் நோயைக் கொடுத்ததும் ஒரே மரபணுவாகவும் இருக்கலாம். அரிதான குடும்பங்கள்தாம். ஆனாலும் அம்மாக்களைக் குற்றக் கூண்டில் ஏற்ற விரையும் எவரும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டிய குடும்பங்கள்.

விரைகிறார்கள். நோய்க்குக் காரணம் மரபணு என்று சொன்னபோது ஆற்றைத் திருப்பியவர்கள் விடுதலையானார்கள். கருப்பை என்று சொல்லத் தொடங்கியதும் நேரே சமையலறைக்குப் போய் அங்கே நிற்கும் பெண்ணைக் கேட்கிறார்கள்: நீ என்ன சாப்பிட்டாய்? அவள் சாப்பிட்டது மற்றவர்கள் சாப்பிட்ட பிறகு மிஞ்சியது. ஒரு பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. நாம் ஒவ்வொருவரும் முட்டையாக இருந்தது பாட்டியின் வயிற்றில். அப்படியானால் விசாரணையை பாட்டியின் கூலி வரைக்கும் கொண்டுபோக வேண்டும். யாரும் கொண்டுபோவதில்லை. கூலி கொடுத்தவர்கள் விசாரணையில் வரவே மாட்டார்கள்.

ஐ.சி.எம்.ஆரும் சென்னை மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2023-இல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, விளிம்பில் நிற்பவர்கள் 13.6 கோடி. இவ்வளவு பேருக்குக் காரணம் மரபணு என்றால் மரபணு கடந்த ஐம்பது ஆண்டில் எப்படி மாறியது என்று விளக்க வேண்டியிருக்கும்.

தமிழ்நாடு கர்ப்பகாலச் சர்க்கரை விஷயத்தில் வாயால் பேசியதோடு நிற்கவில்லை. சென்னை மருத்துவர் வி. சேஷையா பல்லாண்டு வலியுறுத்தியதன் பலனாக, கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதை முதலில் நடைமுறையாக்கிய மாநிலம் இதுதான். வெறும் வயிறு தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எந்த நேரத்தில் வந்தாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, இரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. காலையில் பஸ் பிடித்து வரும் கூலிக்காரப் பெண்ணை வெறும் வயிற்றோடு வரச்சொன்னால் அவள் மறுபடி வரமாட்டாள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பரிசோதனை அது. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10 இப்போது நாடு முழுவதும் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாள். பீமாக்களிடம் பார்த்த அந்தத் தொடர்ச்சியை அறுக்க இதைவிட நேரான இடம் கிடையாது. பரிசோதனை முடிந்ததும் நர்ஸம்மா, சோற்றைக் குறை, பயறு காய்கறி சேர், முட்டை சாப்பிடு என்பார். ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. முட்டை கடையில் இருக்கிறது.

மும்பைச் சேரிகளில் 2006-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, மருந்தில்லாமல் தின்பண்டத்தைக் கையில் எடுத்தது. கீரை, பழம், பால் சேர்த்துச் செய்த சிற்றுண்டி. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு, கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினமும். மற்றப் பாதிக்கு வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றில் செய்தது. கீரைச் சிற்றுண்டி தின்றவர்களில் கர்ப்பகாலச் சர்க்கரை 7.3 விழுக்காடு, மற்றவர்களில் 12.4. குழந்தையின் எடையில் அவ்வளவு தெளிவான பலன் இல்லை. கருத்தரிப்பதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்கியவர்களில் மட்டும் சராசரியாக 48 கிராம் கூடியது. அதையும் பிரித்துப் பார்த்தபோது, ஓரளவு உடம்புள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு 96 கிராம் வரை கூடியிருந்தது. மிக ஒல்லியான தாய்மார்களின் குழந்தைகளுக்குக் கூடவே இல்லை. யாருக்காகச் சமைத்தார்களோ அவர்களுக்கு எட்டவில்லை. தனக்கே பற்றாத உடம்பு வந்ததை முதலில் தனக்கு எடுத்துக்கொண்டிருக்கலாம். மூன்று மாதம் அதற்குப் போதவில்லை.

எத்தனை மாதம் போதும், எந்த வயதில் தொடங்க வேண்டும் என்பது புனேயில் இப்போது பெரியவர்களாகிவிட்ட அந்தக் கிராமத்துக் குழந்தைகளிடமே ஆராயப்பட்டது. வளரிளம் பருவத்திலிருந்து அவர்களுக்கு பி12 கொடுத்து, அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளை அளந்தார்கள். தமிழ்நாட்டில் சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கர்ப்பம் பதிவான பிறகு தொடங்குகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு, வாரம் ஓர் இரும்புச்சத்து மாத்திரை இருக்கிறது.